பழைய ஃபைபர் படகு: ஒட்டுப் போடுவதா, உள்ளே பிரிப்பதா, புதிதாக வாங்குவதா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சென்னையிலிருந்து நாகை வரை கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. கட்டுமரம் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் அவைதான் நிற்கின்றன. நிதானமாகக் கட்டிய படகும் அதில் உண்டு, ஆர்டரை முடிக்கும் அவசரத்தில் கட்டியதும் உண்டு. அந்தத் தலைமுறைப் படகுகளில் இன்னும் தொழிலுக்குப் போகிறவற்றுக்கெல்லாம் இப்போது ஒரே கேள்விதான்: இதில் இன்னும் பணம் போடலாமா?

வழி நான்கு. உடைந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாம். உள்ளே ஊறிப்போன மரத்தையும் ஃபோமையும் எடுத்துவிட்டு மாற்றலாம். படகின் வெளிப்புறம் முழுக்கப் புதிதாக மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஏற்றலாம். அல்லது எஞ்சினைக் கழற்றிப் புது ஓட்டில், அதாவது புதுப் படகின் வெறும் உடலில், மாட்டலாம். கரையில் அதிகம் நடப்பது மூன்றாவது. பலருக்கு நட்டத்தில் முடிவதும் அதுவே. ஏன் என்று பார்ப்பதற்கு முன், படகின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தட்டிப் பார்ப்பதும் துளைத்துப் பார்ப்பதும்

ஃபைபர் படகு வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே கெடும். பெயின்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

படகைக் கவிழ்த்து, சுத்தியலின் மரப்பிடியால் 10 செ.மீ.க்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். லேயர்கள் பிரிந்த இடமும், உள்ளே தண்ணீர் நிற்கும் இடமும் ‘டொப்’பென்று மந்தமாகக் கேட்கும். அப்படிக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவின் இருபுறமும், எஞ்சின் தாங்கும் பகுதியும், முன்முனையான அணியத்தில் மணல் இடிக்கும் இடமும் தவறவே கூடாது. வட்டங்கள் தனித்தனித் தீவுகளாக இருந்தால் படகு பிழைக்கும். ஒன்றோடொன்று சேர்ந்து அடிப்பகுதியில் பாதியைப் பிடித்திருந்தால் முதல் மூன்று வழிகளையும் மறந்துவிடலாம்.

அடுத்தது டிரான்சம், அதாவது எஞ்சின் மாட்டும் பின்சுவர். உட்பக்கம் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, டிரில் வெளியே தள்ளும் தூளை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து உதிர்ந்தால் பலகை நல்லது. கறுத்து, விரலில் ஒட்டி, புளித்த வாடை அடித்தால் உள்ளே அழுகல். துளையிலிருந்து தண்ணீரே வடியும் படகுகளும் உண்டு. அடியில் மட்டும் அழுகலா, மேல்வரை ஏறிவிட்டதா என்று அறிய 15 செ.மீ. இடைவெளியில் மேலே மேலே துளையுங்கள். பார்த்து முடித்ததும் அதே நாளில் பட்டி (ரெசினில் குழைத்த பசை) வைத்து அடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. எப்படியும் வெட்டி எறியப்போகிற ஒரு மோசமான இடத்திலிருந்து உள்ளங்கை அளவு துண்டை அறுத்து, எடை போட்டு, திறந்தவெளியில் காற்று வீசி வரும் பக்கம் நின்று எரியுங்கள். இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் எரிந்துபோய்க் கண்ணாடி இழை மட்டும் மிஞ்சும். மேட் எத்தனை லேயர், ரோவிங் (இழைக் கற்றைகளை நெய்த கனத்த துணி) இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிவிடலாம். மிஞ்சிய இழையின் எடை முதல் எடையில் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மேட் வேலை சரியாக நடந்திருக்கிறது. ரோவிங் கலந்திருந்தால் இன்னும் கூடுதலாக வரும். 20 சதவீதம்தான் என்றால் ரெசினை ஊற்றித் தடிமன் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படகு அலையடியில் நெகிழாமல் வெடிக்கும். வெளியில் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தக் குணம் மாறாது.

ஒட்டு: எங்கே போதும், எங்கே போதாது

கல்லில் இடித்த ஓட்டை, விளிம்பில் உடைந்த துண்டு, படகோடு படகு மோதிய விரிசல் ஆகியவற்றுக்கு ஒட்டு போதும், அதுவே சரி. அளவுதான் முக்கியம். ஓட்டையின் விளிம்பை 1-க்கு 12 என்ற சரிவில் கிரைண்டரால் சாய்க்க வேண்டும். 6 மி.மீ. தடிமனுள்ள ஓட்டில் 15 செ.மீ. ஓட்டை என்றால் நாற்புறமும் 7 செ.மீ.க்குக் குறையாத சரிவு, மொத்தம் 30 செ.மீ. வட்டம். ஓட்டையின் அளவுக்கே மேட் வெட்டி ஒட்டுவதால்தான் ஒட்டு மூடியைப் போலக் கழன்று வருகிறது.

36 அல்லது 40 கிரிட் டிஸ்க்கில், பளபளப்பு முழுக்கப் போய் வெளிர்ந்த இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். படகு கட்டிய பழைய பாலியெஸ்டர் ரெசினோடு புது ரெசின் ரசாயனமாக இணைவதில்லை; சொரசொரப்பைப் பிடித்துத்தான் நிற்கிறது. முதல் லேயர் எப்போதும் மேட். ரோவிங்கை நேரே பழைய பரப்பில் வைத்தால் அதன் முடிச்சுகளுக்கு அடியில் வெறும் ரெசின் தங்கி, பின்னால் அங்கேதான் உரியும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று ஏறக்குறைய 1 மி.மீ., 610 கிராம் ரோவிங் 0.8 மி.மீ. ஆகவே 6 மி.மீ. ஒட்டுக்கு நான்கு மேட், இடையிடையே மூன்று ரோவிங். பெரிய துண்டை முதலில் வைத்து, மேலே போகப்போகச் சிறிதாக்குங்கள்.

ஒட்டுப் போதாத இடமும் ஒன்று உண்டு. படகின் உள்ளே விலா எலும்பு போல நிற்கும் குறுக்கு வங்கின் ஓரத்தை ஒட்டி நேர்கோட்டில் வரும் விரிசல், ஓடு அங்கே மடங்கி மடங்கி எழுவதால் வருவது. பட்டி அடைத்துப் பெயின்ட் அடித்தால் அதே கோட்டில் திரும்பவும் வெடிக்கும். வங்கு ஓட்டில் நேரே குத்தி நிற்காதபடி, சேரும் மூலையைப் பட்டியால் உருட்டி நிரப்பி, அதன் மேல் அகலமாக மேட் போட்டுப் பாரத்தைப் பரப்பினால்தான் நிற்கும்.

உள்ளே பிரிப்பது

தட்டும்போது ஓடு கணீரென்று ஒலித்து, டிரான்சம் துளையில் மட்டும் கறுப்புத் தூள் வந்தால் இதுதான் உங்கள் வழி. செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிக ஆயுள் தருவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே மரம் அழுகினால் எல்லா இடத்திலும் ஆபத்து ஒன்றல்ல. குறுக்கு வங்குக்குள் இருக்கும் கட்டையோ ஃபோமோ வெறும் அச்சு. பாரத்தைத் தாங்குவது அதன் மேல் போர்த்திய ஃபைபர்தான். உள்ளிருக்கும் கட்டை மக்கினாலும், மேலிருக்கும் உறை தடிமனாக, இருபுறமும் ஓட்டோடு பிடித்து நின்றால் அதை உடைக்க வேண்டியதில்லை. கீழே ஒரு துளை போட்டுத் தண்ணீரை வடித்து, காய்ந்ததும் அடைத்தால் போதும். டிரான்சம் அப்படியல்ல. அங்கே பலகையே பாரம் தாங்குகிறது. எஞ்சின் போல்ட்டின் நெருக்கமும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினின் அதிர்வும் நேரே அதில்தான் விழுகின்றன. வங்கை விடலாம், டிரான்சத்தை விடக் கூடாது.

டிரான்சம் மாற்றும்போது வெளித்தோலைத் தொடாதீர்கள். உட்தோலை நாற்புறமும் 6 செ.மீ. விளிம்பு விட்டு அறுத்து எடுத்து, ஊறிய பலகையை உளியால் சுரண்டி, வெளித்தோலின் உட்புறம் சுத்தமாகத் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு மிஞ்சினால் ரெசின் பிடிக்காது. பிறகு குறைந்தது ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இங்கேதான். இரவில் ஒரு பாலிதீன் துண்டை நாற்புறமும் டேப் வைத்து ஒட்டிவிட்டு, காலையில் வெயில் ஏறிய பிறகு பாருங்கள். உள்ளே ஈரம் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 18 மி.மீ. இரண்டு. ஐ.எஸ். 303 வகையை எடுக்காதீர்கள்; அது வீட்டு அலமாரிக்கானது. 1.2 மீட்டர் அகலம், 0.7 மீட்டர் உயரமுள்ள டிரான்சத்துக்கு 8-க்கு 4 அடி ஷீட் ஒன்றே போதும். இரண்டு பலகைகளையும் ஒட்டி, எல்லா ஓரங்களுக்கும் ரெசின் குடிக்கக் கொடுத்து, நறுக்கிய இழை கலந்த கெட்டிப் பட்டியை வெளித்தோலில் பரப்பி, அதில் பலகையை அழுத்தி கிளாம்ப் போடுங்கள். ஓரங்களில் பட்டி பிதுங்கி வர வேண்டும். வராத இடத்தில் காற்று இருக்கிறது. நாளை தண்ணீர் நிற்பதும் அங்கேதான். மூலைகளைப் பட்டியால் வளைவாக நிரப்பி, 10, 15, 20 செ.மீ. அகல மேட் பட்டைகளால் பக்கச் சுவரோடு கட்டி, மேலே நான்கு லேயர் 450 மேட். மொத்தத்தில் மேட் இரண்டரை கிலோ, ரெசின் பட்டியோடு சேர்த்து 10 கிலோ ஆகும்.

கடைசியில் போல்ட் துளை. தண்ணீர் பெரும்பாலும் நுழைவது இதன் வழியாகத்தான். 12 மி.மீ. போல்ட்டுக்கு 20 மி.மீ. துளை போட்டு, அதை எப்பாக்ஸி என்ற ரெசினில் குழைத்த பட்டியால் முழுக்க அடைத்து, இறுகிய பிறகு நடுவில் 12 மி.மீ. துளையுங்கள். போல்ட்டைச் சுற்றி மரமே தெரியாது. அரை நாள் கூடுதல் வேலை, டிரான்சத்தின் ஆயுளோ பல வருடம் கூடும்.

மிதவை அறைகளையும் இதே சமயத்தில் திறந்து பாருங்கள். 200 லிட்டர் ஃபோம் தன் அளவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குடித்தாலே படகில் 65 கிலோ கூடிவிடும், கவிழ்ந்தால் மிதக்கவும் உதவாது. புதிதாக நிரப்பும்போது தெர்மோகோலில் ரெசின் படக் கூடாது. பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். அறையை முழுக்க மூடி இறுகவிட்ட பிறகு, பாலிதீனில் சுற்றிய துண்டுகளாக வைக்கலாம். மூடிபோட்ட வெற்றுப் பிளாஸ்டிக் கேன்களும் நன்றாகவே வேலை செய்யும்.

முழுக்க மேட் ஏற்றுவது

கேட்கும்போது திருப்தியாக இருக்கும்: “மொத்தமா மூணு லேயர் ஏத்திட்டா புதுப் படகுதான் அண்ணே.” கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

28 அடிப் படகின் வெளிப்பரப்பு சுமார் 24 சதுர மீட்டர். 450 மேட் ஒரு லேயருக்கு, மேலடுக்கும் கழிவும் சேர்த்து 12 கிலோ. மேட்டின் எடையைப்போல் இரண்டேகால் மடங்கு ரெசின், 27 கிலோ. மூன்று லேயருக்கு 36 கிலோ மேட், 81 கிலோ ரெசின். மேலே ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு 14 கிலோ. படகில் 130 கிலோ கூடுகிறது. தினமும் மணலில் ஏற்றி இறக்கும் படகில் இந்த எடையைத் தள்ளுகிறவர்களின் தோள்தான் தாங்க வேண்டும். டீசலும் கூடும்.

எடையைவிடப் பெரிய குறை வேறு. உள்ளே டிரான்சம் ஊறியிருந்தால் அது ஊறியபடியே இருக்கும்; வெளியே மூடிவிட்டதால் காய்வதற்கான வழியும் அடைபடும். பழைய லேயர்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருந்தால், புது லேயர் பிடிப்பது அந்தப் பிரிந்த தோலைத்தான். 24 சதுர மீட்டரையும் ஒழுங்காகத் தேய்த்து எடுக்க இரண்டு ஆளுக்கு நாட்கணக்கில் வேலை. ஒப்பந்தத்துக்கு எடுக்கிறவர்கள் பளபளப்பை மட்டும் போக்கிவிட்டு ஒட்டிவிடுவார்கள். ஒரே சீசனில் தட்டுத் தட்டாக எழும்பும்.

ஓடு மெலிசாக இருந்து அலையில் தடதடவென்று அடித்துக்கொள்கிறது என்றால்? அதற்கும் வெளியே ஏற்றுவது சுற்றுவழி. உள்ளே வங்கு கூட்டுங்கள். நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. பைப்பையோ 5 செ.மீ. உயர பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமையோ அச்சாக வைத்து, இருபுறமும் 7 செ.மீ. ஓட்டில் படியும்படி மூன்று லேயர் மேட் போட்டால், 1.8 மீட்டர் வங்கு ஒன்றுக்கு இரண்டரை கிலோதான் கூடும். ஆறு வங்கு போட்டாலும் 15 கிலோ. 130 கிலோ ஏற்றிக் கிடைக்கும் விறைப்பைவிட இது கூடுதல்.

வெளியே ஏற்றித்தான் ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: மணலில் இழுபட்டுத் தேய்ந்த ஏரா. அதன்மேல் 30 செ.மீ. அகலம், 7 மீட்டர் நீளத்துக்கு மூன்று மேட், இடையில் இரண்டு ரோவிங். மேட் 3 கிலோ, ரோவிங் இரண்டரை கிலோ, ரெசின் 9 கிலோ; எல்லாம் சேர்ந்து 15 கிலோவுக்குள் முடியும். தேய்வதற்கென்றே போடும் பட்டை இது; தேய்ந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

எந்த ரெசின்

கடையில் முதலில் எடுத்து நீட்டுவது ஜி.பி. எனும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின். விலை குறைவு, தண்ணீரைத் தாங்கும் சக்தியும் குறைவு. நீர்மட்டத்துக்குக் கீழே அதைப் போட வேண்டாம். ஐசோ என்ற பாலியெஸ்டர் வகை சற்று விலை கூட; புதுப் படகுக்கு அதுவே போதுமானது. பழைய பரப்பில் ஒட்டுவதற்கு வினைல் எஸ்டர் அதைவிட நன்றாகப் பிடிக்கும், தண்ணீரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் நம் வெயிலில் டின்னிலேயே சில மாதங்களில் கெட்டுவிடும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

பிடிப்பில் எப்பாக்ஸிக்கு இணை எதுவும் இல்லை. விலை பாலியெஸ்டரைப்போல் மூன்று மடங்கு வரை போகும். அதைவிட இரண்டு நிபந்தனைகளை யோசிக்க வேண்டும். சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் கரையாமல் மேட் விறைத்து நிற்கும். எனவே நெய்த துணியோ தைத்த துணியோ வாங்க வேண்டும். மேலும், எப்பாக்ஸி போட்ட இடத்தில் பின்னால் பாலியெஸ்டரும் ஜெல்கோட்டும் சரியாகப் பிடிக்காது. அடுத்த ஒட்டும் எப்பாக்ஸியிலேயே போக வேண்டும், மேலே பாலியூரித்தேன் பெயின்ட் அடித்து வெயிலிலிருந்து காக்க வேண்டும். ஆகவே டிரான்சம் ஒட்டுக்கும் போல்ட் துளைக்கும் எப்பாக்ஸி, ஓட்டின் ஒட்டுகளுக்கு வினைல் எஸ்டர், புது வங்குகளுக்கு ஐசோ என்பது எங்கள் தேர்வு. ஒட்டை எப்பாக்ஸியில் போட்ட டிரான்சத்தின் மேல் மேட் பட்டைகளைப் பாலியெஸ்டரில் போடுவதாக இருந்தால், எப்பாக்ஸி முழுக்க இறுகிய பிறகு தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மறுபடி உப்புக்காகிதம் போட வேண்டும். முடிந்தால் மேட்டுக்குப் பதில் துணிப் பட்டைகளை எடுத்து அவற்றையும் எப்பாக்ஸியிலேயே முடிப்பது நல்லது.

பாலியெஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், ரெசின் 1 கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. உச்சிவெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று 10-க்குக் கீழே குறைத்தால், அந்த ரெசின் எத்தனை நாளானாலும் முழுக்க இறுகாது. நகத்தால் கீறினால் விழும். அளவைக் குறைக்காமல் ஒரு தடவைக்கு அரை கிலோவாகக் கலக்குங்கள், நிழல் கட்டுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி அணியாமல் அளக்காதீர்கள்.

எப்போது செய்வது

கிழக்குக் கரையில் கடலுக்குப் போக முடியாமல் படகு சும்மா நிற்பது ஐப்பசி, கார்த்திகையில். ரெசின் வேலைக்கு ஆகாத மாதங்களும் அவையே. ஈரக்காற்றில் மேட் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், லேயர் வெளுத்துப்போய் உரியும். வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி: மழை நாட்களில் பிரித்தெடுப்பதும் அறுப்பதும், தை பிறந்த பிறகு காயவைப்பது, மாசி பங்குனியில் ரெசின். அப்போதும் பனி விலகிய பிறகு தொடங்கி, பிற்பகலில் கொண்டல் எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, தேய்த்து வைத்த பரப்பில் படிந்தால் மறுபடி கழுவித் தேய்க்க வேண்டியிருக்கும். லேயருக்கு முந்தைய கடைசித் தேய்ப்பை, அன்றே லேயர் போட முடியாதென்றால், அன்று செய்யாதீர்கள்.

புது ஓடு

சாக்பீஸ் வட்டங்கள் அடிப்பகுதியில் பாதியைப் பிடித்துவிட்டால், எரித்த துண்டில் இழை 20 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், அல்லது மேலே சொன்ன வேலைகளின் கூலியும் பொருளும் உங்கள் ஊரில் படகு கட்டும் யார்டில் புது ஓட்டின் விலையில் பாதியைத் தாண்டினால், பழையதை விட்டுவிடுங்கள். எஞ்சின், வலை, நங்கூரம் எல்லாம் புது ஓட்டுக்கு மாறிக்கொள்ளும்.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்குப் பழைய படகுக்கு மாற்றாகப் புதுப் படகும் வலையும் வாங்க மானியம் வைக்கப்பட்டது: பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். யார்டில் முன்பணம் கொடுப்பதற்கு முன் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போது நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். புது ஓட்டுக்குப் புதிதாகப் பதிவு வேண்டும். பழைய படகின் பதிவையும் ஒழுங்காக முடித்தாக வேண்டும். டீசல் மானியம் பதிவோடு சேர்ந்தே வருவதால் இடையில் தொங்கலில் விட்டால் மாதக்கணக்கில் இழப்பு.

யார்டில் விலை பேசும்போது நீளத்தையும் அகலத்தையும் மட்டும் எழுதி வாங்காதீர்கள். ஜெல்கோட்டுக்குப் பின்னால் எந்த ரெசின், அடிப்பகுதியிலும் பக்கத்திலும் தனித்தனியாக எத்தனை மேட், எத்தனை ரோவிங், டிரான்சத்தில் எந்தப் பலகை, மிதவை அறையில் எத்தனை லிட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். நங்கூரக் கயிறு செல்லும் துளைக்காகவோ வடிகால் துளைக்காகவோ ஓட்டில் அறுத்தெடுக்கும் வட்டத்துண்டை எறியாமல் உங்களிடம் தரச் சொல்லுங்கள். அதை எரித்து லேயரை எண்ணி, எழுதியதோடு ஒத்துப்போன பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.